தரையிலிருந்து எழ ஆன நேரம்

போன வாரம் அக்கா வீட்டுப் பரணை ஒதுக்கும்போது ஒரு நீளவாக்கு நோட்டு கையில் சிக்கியது. மளிகைக் கணக்கு எழுத வாங்கியது. முதல் நாலு பக்கம் துவரம்பருப்பும் சோப்பும். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக என் கையெழுத்து. "ஞாயிறு, காலை 9 மணி, டிபனுக்கு முன்: 5.8." அடுத்த வரி, "ஞாயிறு: 5.9." இப்படியே நாலரை வருஷம்.

எல்லாம் விநாடிக் கணக்கு. அக்கா மகன், என் மருமகன், கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்திருப்பான். நான் "ம்" என்றதும் எழுந்து நேராக நிற்க வேண்டும். அதற்கு ஆன நேரம்தான் அந்த எண்.

அவன் மற்ற பிள்ளைகள் மாதிரி வெடுக்கென்று எழ மாட்டான். முதலில் ஒருக்களிப்பான், அப்புறம் குப்புறத் திரும்புவான். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவான். ஒரு கை முழங்காலுக்குப் போகும், இன்னொரு கை தொடைக்குப் போகும். தன் காலையே பற்றிக்கொண்டு தன் மேலேயே ஏறி நிமிர்வான். நிமிர்ந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பான். "எவ்வளவு மாமா?"

லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879இல் இதே எழுச்சியை விவரித்து வைத்திருக்கிறார். இன்றைக்கும் அதற்குக் கவர்ஸ் அறிகுறி என்றுதான் பெயர். நோய்க்குப் பெயர் டுஷேன் தசைச்சிதைவு. 1860களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கியோம் டுஷேன் பெயரில் நிலைத்துவிட்டது. அவருக்கும் முன்னால், 1850களின் தொடக்கத்திலேயே எட்வர்ட் மெரியன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இதைப் பார்த்திருக்கிறார். ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது, தசை இழையின் உறை சிதைந்துபோகிறது என்று அப்போதே எழுதியிருக்கிறார். உறைதான் பிரச்சினை என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது புரிய இன்னும் 130 வருஷத்துக்கு மேல் ஆனது.

எங்கள் வீட்டில் தெரிந்தது 2017 கடைசியில். அவனுக்கு ஐந்து வயது. நடக்க ஆரம்பித்ததே தாமதம். குதிகால் தரையில் படாமல் நடப்பான். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவான். ஆனால் கெண்டைக்கால் மட்டும் திரண்டு உருண்டிருக்கும். "பாரு, பேரன் பயில்வானாட்டம் வருவான்" என்று அம்மா அந்தக் காலைத் தடவித் தடவிப் பெருமைப்படுவாள்.

முதலில் ரத்தம் பார்த்த இடத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறியிருக்கிறது, கல்லீரலில் கோளாறு என்றார்கள். ஆறு மாதம் அதற்கு மருந்து. அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு, தசை உடைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்று பிறகு இன்னொரு மருத்துவர் சொன்னார். உடனே சிபிகே என்ற தசை நொதியைப் பார்க்கச் சொன்னார். 200க்குள் இருக்க வேண்டியது பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. இதைப் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது நடை தாமதமான பையனுக்குக் காரணம் தெரியாமல் கல்லீரல் நொதி ஏறியிருந்தால், தயவுசெய்து சிபிகே ஒன்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கோயம்புத்தூருக்குப் போய் மரபணுப் பரிசோதனை. டிஸ்ட்ரோஃபின் மரபணுவில், எக்ஸான் எனப்படும் துண்டுகளில் 48 முதல் 50 வரை இல்லை என்று அறிக்கை வந்தது.

"சொந்தத்துல கட்டினதாலயா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். மாமியார் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொந்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தாயின் எக்ஸ் குரோமோசோமில் வருகிற நோய் இது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு இருப்பது ஒன்றே. ஏறக்குறைய மூன்றில் ஒரு பையனுக்கு அம்மாவிடம்கூட இருக்காது, புதிதாகவே பழுது நேர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என் அம்மாவின் தம்பி ஒருவர் பதினாறு வயதில் இறந்துபோனார். "கால் வராமப் போயிருச்சு" என்பதற்கு மேல் யாரும் அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவிடம் இருந்த அந்த எக்ஸ் அக்காவுக்குப் போயிற்று. அம்மாவின் இன்னொரு எக்ஸ் எனக்கு வந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் என்று என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அறிக்கை வந்த அன்று ராத்திரி அந்த மடிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவனுக்கு வந்தது எனக்கு வந்திருக்க வேண்டியது என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. நான் இதைப் பற்றி இவ்வளவு படித்ததற்குக் காரணமும் அதுதான்.

நோயைப் புரிந்துகொள்ள எனக்குத் தமிழே கைகொடுத்தது. மூன்று மூன்று எழுத்தாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்: மரம் பழம் தரும். செல்லும் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கிறது. இதில் 'ர' ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மூன்று மூன்றாகப் பிரித்தால் 'மம்ப ழம்த ரும்' என்று ஆகிவிடும். ஒரு எழுத்து போனதில் கடைசி வரை அர்த்தம் போய்விட்டது. இதுதான் டுஷேன். ஆனால் 'பழம்' என்ற மூன்று எழுத்தும் மொத்தமாகப் போனால்? 'மரம் தரும்'. வாக்கியம் குறைதான், ஆனால் நிற்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வருவது பெக்கர் என்ற மென்மையான வகை. பலர் நடுவயது தாண்டியும் நடப்பார்கள்.

இப்போது 'ர' போன வாக்கியத்தில் மிச்சமிருக்கும் 'ம', 'ம்' இரண்டையும் நாமே வேண்டுமென்று தாண்டிவிட்டால் 'பழம் தரும்' என்று மறுபடி பொருள் வந்துவிடுகிறது அல்லவா? எக்ஸானைத் தாண்டவைக்கும் மருந்துகளின் யோசனை அவ்வளவுதான். 48 முதல் 50 வரை இல்லாத என் மருமகனுக்கு 51ஐயும் தாண்டவைத்தால் வாசிப்பு நேராகும். டுஷேன் பையன்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இந்த 51 பொருந்தும். அதற்கென்று எடெப்ளிர்சென் என்ற மருந்து 2016லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. அறிக்கையில் 48–50 என்று பார்த்த அன்று, எங்கள் பையனுக்கென்றே ஒரு மருந்து இருக்கிறது என்று வீடே அழுதது. விலை ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் என்று தெரிந்ததும் இன்னொரு முறை அழுதோம்.

வாசிப்பு கெட்டால் உடம்பில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை அமெரிக்காவில் பாஸ்டனில் லூயி குங்கெலின் ஆய்வகம் 1987இல் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. தசைக்குள் சுருங்கி விரியும் இழைகளை உறையோடு சேர்த்துக் கட்டி நிறுத்துவது அதன் வேலை. கட்டு இல்லாததால் ஒவ்வொரு சுருக்கத்திலும் உறை கொஞ்சம் கொஞ்சம் கிழிகிறது. சில வருஷம் உடம்பு தைத்துக்கொண்டே இருக்கும். பிறகு தைக்க முடியாமல், தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்துவிடும். அம்மா தடவிப் பெருமைப்பட்ட கெண்டைக்காலுக்குள் இருந்தது அது.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

2018 ஜனவரியில் அளக்க ஆரம்பித்தேன். பிசியோதெரபிஸ்ட் மேடம்தான் சொல்லிக்கொடுத்தார். தரையிலிருந்து எழும் நேரம், பத்து மீட்டர் ஓடும் நேரம், நாலு படி ஏறும் நேரம் எல்லாம் உலகம் முழுக்க டுஷேன் ஆராய்ச்சிகளில் எடுக்கும் அளவுகள். நார்த் ஸ்டார் என்று இங்கிலாந்தில் உருவான ஓர் அளவுகோலும் இருக்கிறது. நிற்பது, குதிப்பது, படி ஏறுவது என்று 17 செயல், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 34. எனக்குச் சுலபமாக இருந்தது எழும் நேரம் மட்டும்தான்.

மார்ச்சில் ஸ்டீராய்டு தொடங்கினார்கள். டெஃப்ளசாகார்ட், தினமும் காலையில் ஒரு வேளை.

ஜூலையில் நான் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். வேறு யாரும் இல்லை, நான்தான். ஸ்டெம் செல் ஊசி. "மூன்று தவணை, அதற்குள் வித்தியாசம் தெரியும்" என்றார்கள். சுவரெல்லாம் சிரிக்கும் பிள்ளைகளின் படம். அக்கா வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்தாள். நான் கையிருப்பைப் போட்டேன். ஆகஸ்டில் முதல் ஊசி.

அடுத்த பிப்ரவரியில் நோட்டில் இருந்த எண் 4.3. ஐந்தே முக்கால் விநாடிக்கு மேல் எடுத்தவன் நாலேகால் விநாடியில் எழுந்தான்! நான் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் அனுப்பினேன். அதில் இரண்டு குடும்பங்கள் அங்கே போய்ப் பணம் கட்டினார்கள். இந்தப் பதிவை நான் எழுதுவதே அந்த இரண்டு குடும்பங்களுக்காகத்தான்.

பிசியோதெரபிஸ்ட் மேடத்திடம் நோட்டைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. ஸ்டீராய்டு எடுக்குற பசங்களுக்கு ஏறக்குறைய ஏழு வயசு வரைக்கும் இந்த அளவெல்லாம் நல்லாத்தான் ஆகும். நோய் அரிக்கிறதவிட வளர்ச்சி வேகமா இருக்கும். அதுக்கப்புறம்தான் இறங்கும். ஊசி போடாத பையன் ஒருத்தன் பக்கத்துல இருந்தாத்தான் எது எதால ஆச்சுன்னு சொல்ல முடியும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஊசி போடாத பையன் என்றால் யார் பிள்ளை? யாரோ ஒரு பிள்ளைக்கு வேண்டுமென்றே மருந்து தராமல், உப்புத் தண்ணீர் ஏற்றிவிட்டு, அவன் கால் போவதைக் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டுமா? இதற்குப் பெயர் மருத்துவமா? அவரிடம் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்தபோதுதான், என் நோட்டு என்னை ஏமாற்றியது போலவே பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களையும் அவர்களுடைய நோட்டு ஏமாற்றியிருப்பது தெரிந்தது.

டிரிசாபெர்சென் என்று ஒரு மருந்து. இதுவும் எக்ஸான் 51ஐத் தாண்டவைப்பதுதான். முதலில் 53 பையன்களிடம் சோதித்தார்கள். 25 வாரத்தில், இடைவிடாமல் மருந்து எடுத்த பிரிவினர் ஆறு நிமிட நடையில் வெற்றுமருந்து எடுத்தவர்களைவிட 35 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். நடை குறைந்துகொண்டே போகும் நோயில் 35 மீட்டர் என்பது பெரிய தூரம். அடுத்து 186 பையன்களிடம், 48 வாரம். வித்தியாசம் நிற்கவில்லை. 2013 செப்டம்பரில் அந்தச் செய்தி வந்தது. 2016 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. ஊசி போட்ட இடத்தில் தோல் தடித்துப் புண்ணான பையன்கள், தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்த பையன்கள், இத்தனைக்கும் பிறகு பலன் உறுதியில்லை.

எடெப்ளிர்சென் கதை இன்னும் வேதனை. அதன் அனுமதிக்கு ஆதாரமாக நின்றது பன்னிரண்டே பையன்களின் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, வேறு இடங்களில் வேறு காலத்தில் பதிவான பையன்களின் கணக்கை வைத்துக்கொண்டார்கள். 2016 ஏப்ரல் 25 அன்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுக் கூட்டம். நாட்டின் பல மூலைகளிலிருந்து சக்கர நாற்காலிகளில் பையன்கள் வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து பேசினார்கள். என் மகன் இன்னும் நடக்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தாய்மார்கள் கேட்டார்கள். விரைவு அனுமதிக்கான கேள்வியில் குழு ஏழுக்கு ஆறு என்று எதிராக வாக்களித்தது. நிர்வாகத்தின் சொந்த ஆய்வாளர்களும் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு மேலிருந்த ஜேனட் உட்காக் அனுமதி கொடுக்க முடிவெடுத்தார். செப்டம்பரில் அனுமதி வந்தது. 180 வாரம் மருந்து எடுத்த பையன்களின் தசையில் இருந்த டிஸ்ட்ரோஃபின், சாதாரணத் தசையில் இருப்பதில் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஐரோப்பா 2018இல் அதே மருந்தை ஏற்க மறுத்தது.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் தாய்மார்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். என் நோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் ஆறு நிமிட நடையைப் பற்றி ஆய்வாளர்கள் சொன்ன ஒன்று எனக்கு உறைத்தது. அது பிள்ளை எவ்வளவு முயல்கிறான் என்பதையும் பொறுத்தது, தனக்கு மருந்து ஏறுகிறது என்று தெரிந்த பிள்ளை கூடுதலாக முயல்வான் என்றார்கள். எனக்குத் தெரியாதா? பெரியம்மா பெண் வந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஞாயிறுகளில் இவன் எப்போதும் அரை விநாடி சீக்கிரம் எழுவான்.

அடுத்து மரபணு சிகிச்சை. இதன் வேர் ஒரு மனிதரின் காலில் இருக்கிறது. 1990இல் இங்கிலாந்தில் கே டேவிஸ் ஆய்வகத்தார் ஒரு பெக்கர் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருடைய டிஸ்ட்ரோஃபினில் 46 சதவீதம் கிடையாது. ஆனாலும் 61 வயதில் நடந்துகொண்டிருந்தார். அப்படியென்றால் முழுப் புரதம் தேவையில்லை, நடுப்பகுதியைச் சுருக்கலாம். மருந்தைச் சுமந்து போகும் ஏஏவி என்ற வைரஸ் கூட்டுக்குள் ஐயாயிரம் எழுத்துக்குள்தான் அடங்கும். டிஸ்ட்ரோஃபின் செய்தியோ பதினோராயிரம் எழுத்து. சுருக்கிச் சுருக்கி ஒரு குட்டி டிஸ்ட்ரோஃபினைச் செய்தார்கள். ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் ஜெர்ரி மெண்டெல் குழு முன்னெடுத்த இந்தச் சிகிச்சை எலெவிடிஸ் என்ற பெயரில், 2023 ஜூனில், 4, 5 வயதுப் பையன்களுக்கு மட்டும் விரைவு அனுமதி பெற்றது. விலை 32 லட்சம் டாலர். நம் நாட்டின் அரிய நோய்க் கொள்கையில் ஒருவருக்கு உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த அனுமதிக்குப் பிறகு வந்தது எம்பார்க் ஆராய்ச்சியின் முடிவு. 4 முதல் 7 வயது வரை 125 பையன்கள். பாதிப் பேருக்குச் சிகிச்சை, பாதிப் பேருக்கு வெற்று நீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து நார்த் ஸ்டார் மதிப்பெண் எடுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 2.6 ஏறியிருந்தார்கள். பெறாதவர்கள் 1.9 ஏறியிருந்தார்கள்.

இந்த 1.9ஐ நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே ஏற்றப்படாத பையன்கள். அவர்களும் ஸ்டீராய்டில் இருந்தவர்கள், சேரும்போது ஏழு வயது வரையிலானவர்கள். அவர்களும் மேலே போயிருக்கிறார்கள். மேடம் சொன்ன அந்த 'ஊசி போடாத பையன்' இவன்தான். இவன் இல்லாவிட்டால் 2.6 முழுவதும் சிகிச்சையின் பலன் என்று உலகம் கொண்டாடியிருக்கும். துல்லியமாகக் கணக்கிட்டால் வித்தியாசம் 0.65தான், தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. தரையிலிருந்து எழும் நேரத்தில் 0.64 விநாடி சாதகமாக இருந்தது. அது உண்மையான நன்மையாகவும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. 2024 ஜூனில் அனுமதி நடக்க முடியாத பையன்களுக்கும் விரிந்தது. 2025 மார்ச்சில் நடக்க முடியாத ஒரு பதின்வயதுப் பையன் கல்லீரல் செயலிழந்து இறந்தான், ஜூனில் இன்னொருவன். இப்போது அந்தச் சிகிச்சை பெட்டியிட்ட எச்சரிக்கையோடு, நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஃபைசர் நிறுவனத்தின் குட்டி டிஸ்ட்ரோஃபின் ஆராய்ச்சிகளிலும் 2021இல் ஒருவன், 2024இல் ஒருவன். அந்த முயற்சி 2024 ஜூனில் முதன்மை இலக்கை எட்டவில்லை.

இந்தப் பையன்களை நான் பெயர் தெரியாமலே நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் இருவர் என் மருமகனைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர்கள். ஏஏவி ஒரு முறை உடம்பில் ஏறினால் எதிர்ப்புப் பொருள் உண்டாகிவிடும். அதே வழியில் இன்னொரு சிகிச்சைக்கு அநேகமாக வாய்ப்பே இருக்காது. தெரிந்துதான் அந்த வீடுகள் கையெழுத்துப் போட்டன.

சத்தமில்லாமல் ஆயுளைக் கூட்டிய ஆராய்ச்சிகளும் உண்டு. அவற்றைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசக் கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

1989இல் மெண்டெலும் மற்றவர்களும் 103 பையன்களிடம் பிரட்னிசோனைச் சோதித்தார்கள். ஒரு மாதத்திலேயே வலு கூடியது, மூன்று மாதத்தில் உச்சம் தொட்டது. இந்த மூன்று மாதக் கணக்கை நான் 2018லேயே படித்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு நல்லது என்று தெரிந்த பிறகும் எப்படிக் கொடுப்பது என்று ஆளுக்கொரு முறை. தினமும் கொடுப்போர், பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் நிறுத்துவோர். இதற்கு விடை காண ஐந்து நாடுகளில் 196 பையன்களை மூன்று பிரிவாக்கி மூன்று வருஷம் அளந்தார்கள். 2022இல் முடிவு வந்தது. தினமும் கொடுப்பதே மேல். பிரட்னிசோனும் டெஃப்ளசாகார்ட்டும் வலுவில் ஏறக்குறைய சமம், எடை ஏறுவது டெஃப்ளசாகார்ட்டில் குறைவு. இரண்டுமே பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும் பழைய மாத்திரைகள்! ஒரு பையனுக்கு எதைத் தர வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல 33 வருஷம். (ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு முகம் உப்பும், உயரம் நிற்கும், எலும்பு மெலியும். அதற்காகப் பயந்து திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

இங்கிலாந்தின் நியூகாசிலில் எடுத்த கணக்கு ஒன்று: 1960களில் இந்தப் பையன்கள் சராசரியாக 14.4 வயதில் இறந்தார்கள். 1990க்குப் பிறகு இரவில் முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி கிடைத்தவர்களுக்கு அது 25.3. பதினோரு வருஷம், நல்ல கவனிப்பாலும் ஒரு காற்றுக் கருவியாலும். பிரான்ஸில் 57 பையன்களிடம், இதயம் இன்னும் நன்றாக இருக்கும்போதே, பெரின்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிலிருந்தே எடுத்தவர்களில் பத்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 92.9 சதவீதம். மூன்று வருஷம் வெற்று மாத்திரை எடுத்துவிட்டுப் பிறகு மருந்துக்கு மாறியவர்களில் 65.5.

அந்த இரண்டாவது எண்ணைப் படித்தபோது என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வெற்று மாத்திரை எடுத்த 29 பையன்கள். அவர்கள் மேல் யாரும் அக்கறையில்லாமல் இருக்கவில்லை. அப்போது யாருக்குமே தெரியாது, அந்த மாத்திரை உதவுமா கெடுக்குமா என்று. இன்றைக்கு என் மருமகன் காலையில் போடும் இதய மாத்திரை அந்த 29 பேர் கொடுத்தது. எனக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கும்பிட வேண்டும்போல இருக்கிறது.

அக்காவுக்கும் எக்கோ எடுத்தோம். பழுதைச் சுமக்கும் தாய்க்கும் இதயம் பாதிக்கப்படலாம். அதை எங்களிடம் யாரும் ஆறு வருஷம் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் மகளுக்கு வயது வந்ததும் அவளே முடிவெடுத்துப் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம்.

நாங்கள் பணம் கட்டிய ஊசிக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது, சில ரத்த நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சையைத் தவிர ஸ்டெம் செல் எதுவும் இங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை இல்லை, ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்று. ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. சோதனை மருந்துக்குக் குடும்பத்திடம் காசு வாங்கக் கூடாது. தீங்கு நேர்ந்தால் ஈடு தர வேண்டும். எங்களுக்குப் பதிவு எண் எதுவும் தரவில்லை, ரசீதுதான் தந்தார்கள். ஊசி போட்ட பிறகு யாரும் அவனை அளக்கக்கூட இல்லை, அளந்தது நான் மட்டும்தான். யாராவது உங்களிடம் இந்த நோய்க்கு ஊசி என்று சொன்னால், பதிவு எண் கேளுங்கள். எண் இல்லை, பில் மட்டும் உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தில் இரவு மூச்சுக் கருவி வாங்கலாம்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்ப்பதானால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, அவனுடைய ஒப்புதலையும் எழுத்தில் வாங்க வேண்டும். இவனுக்கு இப்போது பதின்மூன்று.

நோட்டில் 2019க்குப் பிறகு எண்கள் ஏறத் தொடங்குகின்றன. 5.1. 6.4. 2021இல் 8, 9. 2022 ஜூனில் 14.2. அதற்கு அடுத்த வாரம் எண் இல்லை, தேதி மட்டும் இருக்கிறது. அன்று அவன் மூன்று முறை முயன்றான். அதோடு நான் நிறுத்திவிட்டேன். பதினோரு வயதில் சக்கர நாற்காலி.

பரணிலிருந்து எடுத்ததை மறைத்துவைக்கத்தான் நினைத்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா அது?"

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினான். எக்செல்லில் ஒரு கோடு போட்டுப் பார்க்கிறேன், நீங்கள் எண்ணை மட்டும் வாசியுங்கள் என்றான். அவன் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேகமாக அடித்தான். நான் வாசித்தேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள்.

"ஸ்டீராய்டு எப்போ ஆரம்பிச்சாங்க?"

"மார்ச். ரெண்டாயிரத்துப் பதினெட்டு."

"அந்த ஊசி?"

"ஆகஸ்ட்."

இரண்டு தேதியிலும் மேலிருந்து கீழாகச் சிவப்பில் ஒரு கோடு இழுத்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஏப்ரலிலிருந்தே எண்கள் இறங்கியிருந்தன. ஊசிக்கு முந்தின ஞாயிறு 4.9. அதற்குப் பிறகும் அதே சாய்வு. சிவப்புக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சரிவாக ஓடியது. என் கையால் நானே எழுதியது, ஏழு வருஷமாக அந்த நோட்டுக்குள் இருந்திருக்கிறது.

"ஊசிக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்திருக்கு மாமா" என்றான்.

"ஆமாம்டா."

"இதை அந்த ரெண்டு வீட்டுக்கும் அனுப்பணுமா?"

நான் நம்பர்களை எடுத்துக் கொடுத்தேன். அனுப்பினான்.